சூடான வீடுகளின் பட்டியல்

பூமியின் தென்பாதியில் இருக்கும் எல் மாயீனுக்குக் குளிர் ஏப்ரலில் வரும். அந்த வருடம் அரசாங்கம் குளிரை முந்திக்கொண்டு மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. நீல நிற வேன், மேலே ஒலிபெருக்கி. பக்கவாட்டில் ‘தூய மூச்சுத் திட்டம்’ என்று எழுதி, அதன் கீழே சிரிக்கும் நுரையீரல் ஒன்றை வரைந்திருந்தார்கள். நுரையீரலுக்குக் கண்ணும் வாயும் இருந்தன. விறகு அடுப்பைக் கொடுத்துவிடுங்கள், மரத்தூள் குச்சியில் எரியும் புகையில்லாத புது அடுப்பு வாங்க மானியம் தருகிறோம் என்று அது தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனது.

ஒனோஃப்ரே பர்ரீயா அந்த அறிவிப்பைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முப்பத்தோரு வருடம் மலைச்சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அரசாங்கம் பேசினால் எழுந்து நின்று கேட்கும் பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. தவிர, அவருக்கு அந்த அடுப்பு வேண்டும். மனைவி எர்மின்தா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாற்பது வருடம் விறகுப் புகைக்கு மேல் குனிந்து நின்றதில் அவள் நுரையீரல் பழைய செருப்பின் தோல்போல ஆகிவிட்டது என்றாள் அங்கிருந்த இளம் டாக்டர். அந்த நுரையீரலுக்குக் கண்ணும் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

“வீட்டுல விறகுப் புகை இருக்கக் கூடாது. குளிரும் கூடாது. ரெண்டுல எது பட்டாலும் அவங்க தாங்க மாட்டாங்க. ரெண்டும் இல்லாத வீடா ஆக்கிட்டு வாங்க, அன்னைக்கே அனுப்பிடறேன்” என்றாள் டாக்டர்.

“சீக்கிரம் ஆக்கு கிழவா, இங்க சூப்புல உப்பே போட மாட்டேங்கறாங்க” என்றாள் எர்மின்தா.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கே ஒனோஃப்ரே திட்ட அலுவலகத்தின் வாசலில் நின்றார். ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. மேசைக்குப் பின்னால் யசேன்யா என்ற இளம்பெண். முகத்தில் களங்கமே இல்லை. கையில் எட்டுப் பக்கப் படிவம்.

“மதிப்பெண் முறை தொன் ஒனோஃப்ரே. அறுபது வந்தா அடுப்பு. வீட்டுல சுவாச நோயாளி இருந்தா பதினஞ்சு.”

“இருக்கா. என் மனைவி.”

“வீட்டுல இருக்காங்களா?”

“ஆஸ்பத்திரியில இருக்கா.”

யசேன்யாவின் பேனா அந்தரத்தில் நின்றது. “அப்ப வீட்டுல நோயாளி இல்லையே.”

“புகை இருக்கறதாலதான் அவ வீட்டுக்கு வர முடியல.”

“அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்கன்னா பதினஞ்சு கிடைச்சுடும்.”

“அடுப்பு வந்தாத்தானே அவ வர முடியும்?”

“மதிப்பெண் வந்தாத்தானே அடுப்பு வரும்?” என்றாள் அவள். அதில் துளியும் குதர்க்கம் இல்லை. மழை பெய்தால் தரை நனையும் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “கவலைப்படாதீங்க, புகைக்கு நாற்பது மதிப்பெண் இருக்கு. ஆய்வாளர் வந்து உங்க அடுப்பைப் பாப்பார்” என்றாள்.

எல் மாயீன்காரர்கள் ஒரு தவறு செய்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். அந்த ஊரில் விருந்தாளியின் மதிப்பு அடுப்பில் தெரியும். தனக்கென்றால் ஈர விறகைப் போட்டு, காற்றுத்தகட்டை இறுக மூடி, அது விடிய விடியக் கரிந்து புகைய விட்டுவிட்டுத் தூங்குவார்கள். விறகு மிச்சம். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் மூன்று கோடை காய்ந்த லெங்கா விறகை எடுப்பார்கள். தகட்டை முழுக்கத் திறப்பார்கள். இருபது வருடமாக ரேடியோவும் ‘காய்ந்த விறகு, திறந்த தகடு’ என்று பாடிக்கொண்டிருந்தது. அரசாங்கமே விருந்தாளியாக வருகிறது என்றால் கேட்க வேண்டுமா? ஒனோஃப்ரே புகைபோக்கியைச் சுத்தம் செய்தார். விறகுக் கொட்டகையின் பின்மூலையில், மகளின் கல்யாணத்துக்கென்று வைத்து மீந்த லெங்கா கட்டைகளை எடுத்தார். மாவில் பூசணி சேர்த்துப் பிசைந்து, சோபாய்பியா என்ற அப்பம் பொரித்தார்.

ஆய்வாளர் லிசார்தோ முற்றத்தில் நின்று இருபது நிமிடம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். வானம் நீலமாக இருந்தது. உள்ளே வந்து நாலு சோபாய்பியா சாப்பிட்டார். புகை அளக்கும் கருவியை அடுப்பருகே பிடித்தார்.

“தொன் ஒனோஃப்ரே, உங்க அடுப்பு அருமையா எரியுது.”

“ரொம்ப நன்றி.”

“அதுதான் பிரச்சினை” என்று சொல்லி, புகை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை ஆய்வு செய்தார்கள். நூற்றொன்பது வீடுகளில் புகை இல்லை. மீதி மூன்றில், இரண்டில் ஆள் இல்லை, ஒன்றில் ஆய்வாளரை விருந்தாளியாக மதிக்கவில்லை. சாயங்காலமானால் ஊரைப் பாலில் முக்கியதுபோல் புகை மூடத்தான் செய்தது. ஆனால் ஆய்வு நேரம் மாலை நாலு மணிவரைதான்.

திட்ட இயக்குநர் தொன் கிரெகோரியோ ஒசாந்தோன் தலைநகரிலிருந்து வந்தவர். மார்பை மட்டும் குளிரிலிருந்து காக்கும் கையில்லாத பஞ்சுச் சட்டை போட்டிருப்பார். அவர் உள்ளூர் ரேடியோவில் பேசினார். “அன்பர்களே, ஒரே வாரத்தில், ஓர் அடுப்பைக்கூட மாற்றாமல், இந்த ஊரின் மாசைத் தொண்ணூற்றேழு சதவீதம் குறைத்திருக்கிறோம். மானியம் கொடுத்திருந்தால் இவ்வளவு குறைந்திருக்குமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.”

ஒனோஃப்ரேயின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் செகுந்தோ மியாலொங்கோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள். விறகு விற்பவர். செய்தி கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சோபாய்பியா வேற போட்டீங்களா கொம்பாத்ரே? அவனுக்குக் கண்ணுல தண்ணி வர வெச்சிருக்கணும். நீங்க நாக்குல தண்ணி வர வெச்சிருக்கீங்க.”

“வந்தவனுக்குப் பச்சை விறகு போடுறதா? எர்மின்தா கேட்டா என்னை வெளியில நிறுத்திடுவா.”

“எர்மின்தா வீட்டுக்கு வரணுமா வேண்டாமா?”

ஒனோஃப்ரே வீட்டுக்குப் போய் மேல்முறையீடு எழுதினார்.

இரண்டாம் சுற்று ஆய்வு மே மாதம் என்று அறிவித்தார்கள். செகுந்தோ ‘ஆய்வு விறகு’ என்று பலகை எழுதி மாட்டினார். ஆற்றில் ஒரு வாரம் ஊறிய கட்டைகள். காய்ந்த விறகைவிட விலை அதிகம். ஊர் வரிசையில் நின்று வாங்கியது. ஒனோஃப்ரேயும் வாங்கினார். குறித்த நாளில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தகட்டை இறுக மூடி, சொட்டச் சொட்ட நனைந்த கட்டையை உள்ளே தள்ளினார். புகைபோக்கியிலிருந்து கறுப்புத் தூண் ஒன்று எழுந்தது. அண்டை வீட்டு நாய் தும்மியது. ஒனோஃப்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்பது மதிப்பெண் என்று எண்ணினார்.

நீல வேன் வந்து நின்றது. இறங்கியவர் லிசார்தோ இல்லை. சீருடை போட்ட ஓர் அம்மாள். அதே அலுவலகத்தின் மாடியில் இருக்கும் புகைத் தண்டனைப் பிரிவு. அன்றைக்குக் காற்று மாசு அவசரநிலையாம். புகை தெரிந்தால் அபராதம்.

“அம்மா, இது ஆய்வுக்காகப் போட்ட புகை.”

“எல்லாப் புகையும் எதுக்காகவாவது போட்டதுதான்” என்று அந்த அம்மாள் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். லிசார்தோ அன்றைக்கு வரவில்லை. அவசரநிலை நாளில் வெளியே சுற்றக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

தலை குனிந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒனோஃப்ரே அலுவலகத்துக்குப் போனார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார். யசேன்யா தாளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“இதை ஏன் முதல்லயே வாங்கல நீங்க? உங்க அடுப்பு புகையுதுன்னு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கே! ஆய்வே வேண்டாம். நாற்பது மதிப்பெண். சொந்த வீடு, ஓய்வூதியம், அதுல இருபது. அறுபது! வாழ்த்துகள் தொன் ஒனோஃப்ரே!”

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த வாரம் சீருடை அம்மாள் போன இடத்திலெல்லாம் அவளைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். ஒருத்தி வேனை மறித்து, “எங்க வீட்டுப் புகை மட்டும் உங்க கண்ணுல படாதா?” என்று அழுதாளாம்.

அடுப்பு ஒப்படைப்பு விழா உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. விதிப்படி பழைய அடுப்பை முதலில் கொடுக்க வேண்டும். இருபத்தேழு பேர் தங்கள் இரும்பு அடுப்புகளைத் தள்ளுவண்டியிலும் லாரியிலும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். அடுப்பு மறுபடி எரியாதபடிக்கு ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டார்கள். துளைபோடும் சத்தத்தில் ஊர்ப்பாடகர் குழு பாடியது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் புது அடுப்பைக் கொடுத்தார்கள். அது அட்டையில் செய்தது. கண்ணாடிக் கதவும் உள்ளே தீச்சுவாலையும் தத்ரூபமாக அச்சிட்டிருந்தார்கள். ஒனோஃப்ரே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், புகைப்படம் எடுத்தார்கள், வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நாளை இன்னோர் ஊரில் விழா, அட்டை தேவைப்படும்.

“நிஜ அடுப்பு?”

“பத்து வேலை நாள்ல வந்துடும்” என்றாள் யசேன்யா.

தொன் கிரெகோரியோ ஒலிபெருக்கி முன் நின்றார். “இன்று முதல் இருபத்தேழு குடும்பங்கள் கதகதப்பில் வாழ்கின்றன. அடுப்பு என்பது வெறும் இரும்பு. நாங்கள் கொடுப்பது இரும்பை அல்ல, மாற்றத்தை. இரும்பு வரத் தாமதமாகலாம். மாற்றம் இப்போதே வந்துவிட்டது.” கைதட்டினார்கள். கையைத் தட்டினால் கொஞ்சம் சூடு பிறந்தது.

பத்து வேலை நாள் போனது. அடுப்பு பொருத்தும் நிறுவனம் மூன்று பிராந்தியங்களுக்கு ஒன்றுதான், அதில் பொருத்துபவர்கள் இரண்டே பேர் என்றார்கள். பிறகு, ஒனோஃப்ரேயின் சுவர் வரைபடத்தில் இருப்பதைவிட இரண்டு விரற்கடை குட்டை என்றார்கள். பிறகு, அடுப்புகள் ஏற்றிய கப்பல் வேறு துறைமுகத்தில் இருக்கிறது என்றார்கள். ஒனோஃப்ரே இரண்டு கம்பளிச் சட்டையும் வேலைக்காலத்து மேலங்கியும் போட்டுக்கொண்டு படுத்தார். காலையில் கெண்டியில் தண்ணீர் பனி ஏடு கட்டி நின்றது. மாத்தே இலைத் தேநீர் குடிக்க செகுந்தோ வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

“என்கிட்ட ஒரு பழைய அடுப்பு கிடக்கு, தூக்கிட்டுப் போங்க கொம்பாத்ரே. துளை இல்லாதது.”

“வீட்டுல விறகு அடுப்பைப் பாத்தா மானியம் ரத்து. தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“விறைச்சுப் போயிட்டா கையெழுத்து என்ன செய்யும்?”

“நான் விறைச்சா விறைக்கறேன். அவளைக் கூட்டிட்டு வரணும்.”

ஒனோஃப்ரே மறுபடி அலுவலகம் போனார். யசேன்யா கணினியில் தேடினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பெயருக்கு எதிரே பச்சை வட்டம்.

“கணினி அமைப்புல உங்க வீடு சூடா இருக்கு தொன் ஒனோஃப்ரே.”

“எங்க வீடு குளுருது பொண்ணு.”

“விழா நடந்த தேதியில இருந்து சூடுதான். இங்க பாருங்க.”

“அமைப்பு வந்து ஒரு ராத்திரி எங்க வீட்டுல படுத்துப் பாக்கச் சொல்லு.”

அவள் புகார் பதிந்தாள். லிசார்தோ கருவியோடு வந்தார். இந்த முறை சோபாய்பியா இல்லை. அவர் பேசியபோது வாயிலிருந்து ஆவி வந்தது. வீட்டுக்குள் தெரிந்த ஒரே புகை அதுதான். கருவியைப் பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பூஜ்யம்! வீட்டுக்குள்ள துளி மாசு இல்லை. என் உத்தியோகத்துல இப்படி ஒரு காத்தை நான் பாத்ததில்லை.”

“குளிர் எவ்வளவு காட்டுது?”

“ரெண்டு டிகிரி. ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே.”

மறுவாரம் ஒனோஃப்ரேயின் வீட்டுக் கதவில் ஒரு தகடு அடித்தார்கள். ‘முன்மாதிரி இல்லம்.’ தொன் கிரெகோரியோவே நேரில் வந்தார். “இந்த வீட்டிலிருந்து மூன்று வாரமாக ஒரு குண்டூசி அளவு புகை வெளியேறவில்லை. எல் மாயீன் முழுவதும் இந்த வீட்டைப்போல் ஆகிவிட்டால் என் பணி முடிந்தது என்பேன்” என்றார். உள்ளே வரச் சொன்னபோது, வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மறுத்துவிட்டார்.

ஜூன் நடுவில் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் பண்டிகை.

“தொன் ஒனோஃப்ரே, உங்க மனைவியை நாளைக்கு அனுப்பறோம்!”

“அடுப்பு இன்னும் வரலயே அம்மா.”

“வந்தாச்சே. எங்க திரையில பச்சை காட்டுது. புகை இல்லை, சூடு இருக்கு, முன்மாதிரி இல்லம்னும் போட்டிருக்கு.”

“அம்மா, சொல்றதைக் கேளுங்க. அனுப்பாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், அவளை அனுப்பாதீங்க.”

மறுமுனையில் குரல் இறுகியது. “மனைவியை வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்ற எத்தனையோ புருஷன்களைப் பாத்திருக்கேன் நான். நீங்க அப்படிப்பட்டவர்னு நினைக்கல. படுக்கைக்கு ஒன்பது பேர் காத்திருக்காங்க. டாக்டர் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.”

எர்மின்தா ஆம்புலன்சிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில், சக்கரம் வைத்த சின்ன ஆக்சிஜன் உருளையின் பிடி. மூக்கில் குழாய். கதவில் அடித்திருந்த தகட்டை மெல்ல வாசித்தாள். உள்ளே வந்தாள். அடுப்பு இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெளிர் தடம் இருந்தது.

“எங்க அது?”

ஒனோஃப்ரே சொன்னார். ஆய்விலிருந்து தகடுவரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் மேலங்கியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் இருமல் வந்தது. அது நிற்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆய்வு பண்ண வந்தவனுக்கு சோபாய்பியா போட்டியா?”

“போட்டேன்.”

“பூசணி சேத்தா?”

“சேத்துதான்.”

“நல்லது” என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “செகுந்தோ வீட்டுக்குப் போக முடியாது. அங்க புகை. இந்த ஊருல புகையும் இல்லாம சூடாவும் எங்கயாவது ஒரு இடம் இருக்கா கிழவா?”

ஒனோஃப்ரே யோசித்தார். இருந்தது. திட்ட அலுவலகத்தின் காத்திருப்பு அறை. அங்கே மாதிரிக்காக ஒரு நிஜ அடுப்பைப் பொருத்தியிருந்தார்கள். தலைநகரிலிருந்து தனியாக மூட்டை மூட்டையாய் வந்த மரத்தூள் குச்சிகளில் அது ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை எரிந்தது.

மறுநாளிலிருந்து இருவரும் போனார்கள். வாசலில் வரிசை எண் எடுத்தார்கள். எண்ணைக் கூப்பிட்டால் எர்மின்தா பின்னால் நிற்பவரிடம், “நீங்க போங்க, எங்களுக்கு அவசரம் இல்லை” என்பாள். பிறகு ஒனோஃப்ரே எழுந்து போய் இன்னோர் எண் எடுத்து வருவார். ஒரு நாளில் பன்னிரண்டு எண்வரை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் கன்னத்தில் நிறம் வந்தது. அங்கேயே பின்னத் தொடங்கினாள். வருகிறவர்களின் படிவங்களைத் திருத்திக் கொடுத்தாள். யசேன்யாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் காலையில் மாத்தேக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். “உங்களை எந்தக் கட்டத்துல பதியறதுன்னுதான் தெரியல தொன்யா எர்மின்தா. ‘நன்றி தெரிவிக்க வந்தவர்’னு போட்டிருக்கேன். அது ஒண்ணுக்குத்தான் நேர வரம்பு இல்லை.”

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து ஒரு துணைச் செயலர் அம்மையார் வந்தார். தொன் கிரெகோரியோ அவரை நேராக அடுப்பருகே அழைத்து வந்தார்.

“இவர்கள் எங்கள் பயனாளிகள் மேடம். பதிவேட்டைப் பாருங்கள். தினமும் தாங்களாகவே வந்து நன்றி சொல்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து இரண்டுவரை.”

அம்மையாருக்குக் கண் கலங்கியது. எர்மின்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப வீட்டுல புகை இருக்கா அம்மா?”

“புகையே இல்லை.”

“சூடு?”

எர்மின்தா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். “வீட்டுல ரெண்டு டிகிரி. அடுப்பு இன்னும் வரல. அதனாலதான் இங்க வந்து உக்காந்திருக்கோம்” என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி.

 தொன் கிரெகோரியோவின் முகம் ஒரு கணம் வாடியது. ஒரே கணம்தான்.

“கேட்டீர்களா மேடம்? வீட்டில் வெறும் இரண்டு டிகிரி. ஆனாலும் ஒரு விறகைக்கூட அவர்கள் எரிக்கவில்லை. மனநிலை மாறியிருக்கிறது! அடுப்பைக் கொடுத்து எவன் வேண்டுமானாலும் புகையை நிறுத்திவிடலாம். நாங்கள் அடுப்பே கொடுக்காமல் நிறுத்தியிருக்கிறோம்.”

அம்மையார் குறித்துக்கொண்டார். ‘குறைந்த செலவு’ என்று எழுதி அடிக்கோடு போட்டதை ஒனோஃப்ரே பார்த்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். நிஜ அடுப்பு பக்கத்தில் இருந்ததால் அட்டை தேவைப்படவில்லை.

இரண்டு மணி. யசேன்யா வந்து அடுப்பின் பொத்தானை அழுத்தினாள். விசிறி இரைச்சல் அடங்கி, சுவாலை சுருங்கி அணைந்தது. ஒனோஃப்ரே மனைவியின் பின்னல் ஊசிகளைப் பைக்குள் வைத்தார், உருளையின் பிடியை அவள் கையில் கொடுத்தார்.

“நாளைக்குப் பாக்கலாம் பொண்ணு” என்றாள் எர்மின்தா.

யசேன்யா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். “நாளைக்கு சனிக்கிழமை தொன்யா எர்மின்தா.”

“திங்கக்கிழமை?”

“புனித பேதுரு, பவுல் விடுமுறை.”

அவள் யாரையும் பார்க்காமல் கதவைப் பூட்டினாள். தெருவில் மாலைப் புகை இறங்க ஆரம்பிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தரையில் பனி கண்ணாடியாய் உறைந்திருந்தது. எர்மின்தா கழுத்துத் துணியைக் குழாய்க்கு மேலே வாய்வரை இழுத்து மூடிக்கொண்டாள். ஒனோஃப்ரே அவள் முழங்கையைப் பிடித்து வேகமாக நடத்தப் பார்த்தார். நாலு எட்டு வைத்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“ஏன் ஓடுற?”

“வெளியில குளுருது எர்மின்தா. சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்.”

“வீட்டுக்கு எதுக்குச் சீக்கிரம்?” என்றாள் அவள். “மெதுவாவே நட. அங்கயும் இதே குளுருதான்.”